காற்றுக்கும் தபால் கூலி

தை அறுவடைக் காலத்தில் தஞ்சாவூர்–திருவாரூர் சாலையில் இரண்டு வகை லாரிகள் எதிரே வரும். நெல் மூட்டை ஏற்றிய லாரியில் பாரம் பக்கப்பலகையைத் தாண்டி அதிகம் எழும்பியிருக்காது. ஆனால் பட்டைகள் வளைந்து, டயர்கள் அமுங்கி, பாலத்து மேட்டில் ஏற இன்ஜின் முக்கும். வைக்கோல் ஏற்றிய லாரி சாலையின் இருபுறமும் பிதுங்கிக்கொண்டு வரும். மரக்கிளைகள் அதன் உச்சியை உரசும். அதன் டயர்களுக்கோ பெரிய சிரமம் இருக்காது. நெல் லாரியில் எடைதான் முதலில் எல்லையைத் தொட்டது. இடம் மிச்சம் இருக்கிறது. வைக்கோல் லாரியில் இடம் தீர்ந்துவிட்டது. எடை மிச்சம் இருக்கிறது. எந்த வண்டியானாலும், கப்பலானாலும், விமானமானாலும் இந்த இரண்டில் ஒன்று முதலில் தீரும். பார்சல் கட்டணத்தின் அறிவியல் முழுவதும் இந்த உண்மையிலிருந்து கிளைப்பதுதான்.

இணையத்தில் பொருள் விற்கத் தொடங்குகிறவர்கள் இதைக் கசப்பாகத்தான் கற்கிறார்கள். தஞ்சாவூரின் நெட்டி வேலைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். குளங்களிலும் சதுப்பிலும் வளரும் நெட்டிச் செடியின் தண்டை உலர்த்தி மேல்தோலைச் சீவினால் தந்தம்போல் வெளுத்த உட்பகுதி கிடைக்கும். தக்கையைவிட இலேசானது. அதைக் கத்தியால் இழைத்து, துண்டு துண்டாக ஒட்டி, பெரிய கோயில் விமானத்தையே மேசைமேல் நிறுத்திவிடுவார்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. அப்படி ஒரு விமானத்தை 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புவதாகக் கொள்ளுங்கள். பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோதான் நிற்கிறது. கூரியர் ரசீதில் ஏழரைக் கிலோவுக்குக் கட்டணம் விழுந்திருக்கும். தராசில் தவறில்லை. அந்த ஆறரைக் கிலோ, பெட்டி அடைத்துக்கொண்ட இடத்துக்கான கூலி.

இதற்கு வால்யூமெட்ரிக் வெயிட் என்று பெயர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, வரும் எண்ணை 5,000-ஆல் வகுக்கிறார்கள். 30 × 30 × 40 என்றால் 36,000. அதை 5,000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. அரைக் கிலோ படிகளில் மேல்நோக்கி முழுமையாக்கினால் 7.5. தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கு காட்டும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

ஏன் 5,000? 5,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால் ஒரு கனமீட்டருக்கு 200 கிலோ. விமானச் சரக்கில் உலகெங்கும் வழங்கும் எண் 6,000. அதாவது கனமீட்டருக்கு ஏறக்குறைய 167 கிலோ. இந்த எண்ணை ஒரு விமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். போயிங் 777 சரக்கு விமானம் சுமார் 102 டன் ஏற்றும். அதன் வயிற்றில் சுமார் 650 கனமீட்டர் இடம் உண்டு. வகுத்தால் கனமீட்டருக்கு 157 கிலோ. எடையும் இடமும் ஒரே நேரத்தில் தீரும் சரக்கு எதுவோ, அதன் அடர்த்தி இது. இதைவிட அடர்த்தியான பொருள் விமானத்தின் எடையைத் தின்கிறது. அடர்த்தி குறைந்த பொருள் இடத்தைத் தின்கிறது. வகுக்கும் எண் இந்தச் சமநிலைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட ஓர் எல்லைக்கல். 6,000-க்குப் பதில் 5,000 வைக்கும்போது இலேசான பொருளின் மேல் ஐந்தில் ஒரு பங்கு சுமை கூடுகிறது. ஒரு நிறுவனத்தின் கட்டண அட்டையைப் பார்க்கும்போது கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பதற்கு முன்னால் எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்றுதான் பார்க்கவேண்டும். நெட்டிக் கலைஞருக்கு அந்த எண்தான் கட்டணம்.

தரைவழிப் பார்சல்கள் நெடுநாள் இதிலிருந்து தப்பியிருந்தன. அமெரிக்காவின் யு.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் இரண்டும் தரைவழியில் மூன்று கன அடிக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு மட்டுமே இந்தக் கணக்கைப் போட்டுவந்தன. 2014 டிசம்பர் கடைசியிலும் 2015 ஜனவரியிலும் அடுத்தடுத்து எல்லாப் பெட்டிகளுக்கும் அதை விரித்தன. இணைய வணிகம் பெருகப் பெருக லாரிகள் வைக்கோல் லாரிகளாக மாறிக்கொண்டிருந்ததுதான் காரணம். இன்று நம் ஊர் கூரியர்களிலும் இணையச் சந்தைகளிலும் இது அன்றாட வழக்கம்.

அளவையும் எடையையும் தனித்தனியாகக் கணக்கு வைப்பது காவிரிப் படுகைக்குப் புதிதல்ல. பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற பெயரில் ஒரு கல் வருகிறது. நெல்லை அளக்க அதே பெயரில் ஒரு மரக்கால் வருகிறது. அது ராஜகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் சொல்லப்படுகிறது. பொன்னுக்கு நிறை, நெல்லுக்குக் கொள்ளளவு. எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற கணக்கு அண்மைக் காலம்வரை களத்துமேட்டில் உயிரோடு இருந்தது. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ சிப்பமாகத் தராசுக்குப் போகிறது. கொள்ளளவிலிருந்து எடைக்கு நாம் மாறி வந்தோம். பார்சல் உலகமோ எடையிலிருந்து கொள்ளளவை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது.

வயலில் விளைந்ததையே இந்தக் கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். ஒரு கிலோ அரிசி ஒன்றேகால் லிட்டர் இடத்தில் அடங்கிவிடும். எல்லை ஐந்து லிட்டர் என்பதால் அரிசிக்கு எப்போதும் தராசு எடைதான். அதே அரிசியைப் பொரித்துவிட்டால் ஒரு கிலோ பொரி ஏறத்தாழ பத்து லிட்டர் இடத்தை அடைக்கும். அதற்கு இரண்டு கிலோ கட்டணம். ஒரே தானியம், ஒரே எடை. நெருப்பு பட்டதும் எல்லைக்கல்லின் மறுபக்கம் போய்விடுகிறது.

கட்டணத்தில் தூரத்துக்கு எவ்வளவு பங்கு? நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. 1854 அக்டோபர் 1 முதல் இந்தியா முழுவதும் கால் தோலாவுக்கு மேற்படாத கடிதத்துக்குத் தூரம் எதுவானாலும் அரை அணா என்று ஆனது. அதற்கு முன்பு 1840இல் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் கொண்டுவந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல் இது. கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவைவிட, அதை வாங்கி, பிரித்து, கணக்கெழுதி, கடைசியில் வீட்டுவாசலில் சேர்க்கும் செலவே பெரிது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அது இன்றும் பொய்க்கவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஸ்பீடு போஸ்ட் ஆவணக் கட்டணத்தில், 251 முதல் 500 கிராம்வரை உள்ள உறை 200 கிலோமீட்டருக்குள் போக 70 ரூபாய். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் போக 93 ரூபாய், வரி தனி. தஞ்சாவூரிலிருந்து பக்கத்து ஊரான திருச்சிக்கு ஆகும் செலவோடு 23 ரூபாய் கூட்டினால் இமயமலை அடிவாரத்துக்கே போய்விடலாம். பார்சலில் எடை ஏற ஏறத் தூரத்தின் பங்கும் கூடும். ஆனாலும் முதல் அரைக் கிலோவின் கட்டணத்துக்குள் வாங்கிச் சேர்க்கும் நிலையான செலவு உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பார்சலாகப் பிரித்து அனுப்பினால் பெரும்பாலும் நட்டம். அந்த நிலையான செலவை இரண்டு முறை கட்டுகிறோம்.

கட்டணம் சரிவாக ஏறுவதில்லை, படிக்கட்டாக ஏறுகிறது. 500 கிராமுக்கு ஒரு படி என்றால் 510 கிராம் பார்சல் ஒரு கிலோவுக்கான பணத்தைக் கட்டும். பழுப்பு டேப்பை இன்னும் இரண்டு சுற்று சுற்றியதும், உள்ளே போட்ட விளம்பரத் தாளும் அந்தப் பத்து கிராமாக இருக்கலாம்.

இனி வடிவத்துக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது. அஞ்சல் துறையில் உள்நாட்டுப் பார்சலுக்கு நெடுங்காலம் இருந்துவந்த அளவு விதி இப்படிப் போகும்: நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது, நீளத்தையும் சுற்றளவையும் கூட்டினால் 1.80 மீட்டரைத் தாண்டக்கூடாது. சுற்றளவு என்பது பெட்டியின் இடுப்பைச் சுற்றி டேப் வைத்தால் வரும் அளவு. சர்வதேச அஞ்சலிலும் இதே வகை விதிதான். அமெரிக்க அஞ்சல் துறையிலும் பெரும்பாலும் 108 அங்குலம் என்று இதே கூட்டல்தான். ஏன் கொள்ளளவைக் கேட்காமல் நீளத்தையும் இடுப்பையும் கேட்கிறார்கள்? பையில் நுழையுமா, வாசலில் திரும்புமா, ஒரு ஆள் இரு கையால் அணைத்துத் தூக்க முடியுமா என்பதெல்லாம் கொள்ளளவைப் பொறுத்தவை அல்ல. ஒரு டேப்பை மட்டும் வைத்துக்கொண்டு கவுன்டரில் அரை நிமிடத்தில் தீர்மானிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இந்த விதிக்குள் அடங்கும் மிகப்பெரிய பெட்டி எது? கணக்குப் போட்டால் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்று வருகிறது. நீளம் 60, இடுப்பு 120. உள்ளே 54,000 கன சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர். பெட்டிக்குப் பதில் உருளை வைத்தால்? நீளம் அதே 60, சுற்றளவு அதே 120. உள்ளே கிட்டத்தட்ட 69 லிட்டர் கொள்ளும். ஒரே சுற்றளவுக்குள் வட்டம்தான் அதிக இடத்தை வளைத்துக்கொள்ளும் என்பதால் இந்த விதி உருண்டைப் பொருள்களுக்குச் சாதகம்.

ஆனால் 5,000-ஆல் வகுக்கும் விதி இதை அப்படியே தலைகீழாக்குகிறது. அங்கே உருளையை உருளையாக யாரும் பார்ப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு சதுரப் பெட்டி இருப்பதாகக் கொண்டு விட்டத்தை இருமுறை பெருக்குகிறார்கள். 38.2 × 38.2 × 60. கணக்கு ஏறக்குறைய பதினேழரைக் கிலோ. அந்த 54 லிட்டர் பெட்டிக்கோ 10.8 கிலோதான். உருளையின் உண்மையான கொள்ளளவைவிட எப்போதும் 1.27 மடங்கு, அதாவது நான்கை π-ஆல் வகுத்த அளவு, அதிகமாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு விதி வட்டத்துக்கு எவ்வளவு சலுகை தருகிறதோ, மற்ற விதி அதே அளவு தண்டனை தருகிறது.

தஞ்சாவூர் பெரும்பாலும் வளைவான பொருள்களையே செய்கிறது. தலையாட்டி பொம்மையில் ஒரு நேர்க்கோடு உண்டா? உருண்டை அடியில் களிமண் பாரம், அதற்கு மேலே காகிதக்கூழால் ஆன உள்ளீடற்ற கூடு. ஈர்ப்பு மையம் கீழே கிடப்பதால்தான் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிறது. அப்படி நிற்க வேண்டும் என்றால் மேற்பாதி இலேசாக இருந்தே ஆகவேண்டும். பொம்மையை நிமிர்த்தும் அதே குணம்தான் தபாலில் அதைக் காற்றுப் பொருளாகவும் ஆக்குகிறது. ஒரு கோளத்தைச் சரியாகப் பொருந்தும் சதுரப் பெட்டியில் வைத்தால்கூடப் பெட்டியில் 48 சதவீதம் வெறுமைதான். இன்னொரு வகையான ஆடும் பொம்மையின் பாவாடை கூம்பு வடிவம். கூம்பு அதன் பெட்டியில் 26 சதவீத இடத்தைத்தான் நிரப்பும்.

வெறும் இடத்தை முழுக்க ஒழிக்கவும் முடியாது, பொருள் உடையாமல் போய்ச் சேர வேண்டுமே. 75 செ.மீ. உயரத்திலிருந்து, ஒரு மேசை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பார்சல் விழுகிறது. உள்ளே பஞ்சோ பபிள் ரேப்போ ஒரு சென்டிமீட்டர் நசுங்கிப் பொருளை நிறுத்தினால், பொருள் தன் எடையைப் போல் ஏறத்தாழ 75 மடங்கு அதிர்ச்சியைத் தாங்கவேண்டும். இரண்டு சென்டிமீட்டர் நசுங்கினால் 37.5 மடங்கு. மூன்றுக்கு 25. நான்குக்கு 19. முதல் சென்டிமீட்டர்களில் கிடைக்கும் பாதுகாப்பு மிகப் பெரிது, போகப்போகக் குறைகிறது. செலவோ எதிர்த்திசையில் போகிறது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூட்டும்போது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டிரண்டு ஏறுகிறது. மூன்றையும் பெருக்குவதால் ஒவ்வொரு புதிய சென்டிமீட்டரும் முந்தையதைவிட அதிகக் கட்டணம் கேட்கும். பாதுகாப்பு தேய்வதும் செலவு வளர்வதும் சந்திக்கும் ஓர் இடம் ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு. அனுபவமுள்ள பாக்கிங்காரர் கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்வது அந்த இடத்தைத்தான்.

தட்டையான பொருளுக்கு இது இன்னும் கூர்மையாக வெட்டும். சட்டத்தோடு 46 × 36 × 4 செ.மீ. உள்ள ஒரு தஞ்சாவூர் ஓவியம். அதன் சொந்தக் கொள்ளளவுக்கு 1.3 கிலோதான் வரும். சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் மெத்தை வைத்தால் பெட்டி 50 × 40 × 8. கணக்கு 3.2 கிலோவுக்குத் தாவுகிறது. கனத்தில் நான்கு எட்டாக மாறியதுதான் காரணம். மூன்று சென்டிமீட்டர் வைத்தால் 52 × 42 × 10, 4.4 கிலோ. பலகை, சுண்ணப் பூச்சு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஓவியமும் கொஞ்சம் கனம்தான், ஆகவே சிறிது கூடுதல் இடத்துக்குப் பணம் போகாது. ஆனாலும் ஒரு வழி உண்டு. தட்டையான பெட்டி பெரும்பாலும் விளிம்பிலும் மூலையிலும்தான் விழுகிறது. மெத்தையை அங்கே மூன்று சென்டிமீட்டர் வைத்து, முகத்திலும் முதுகிலும் ஒட்டுப்பலகையோடு ஒரு சென்டிமீட்டரில் முடித்துக்கொண்டால் 52 × 42 × 6. கணக்கு 2.6 கிலோவுக்கு இறங்குகிறது. பாதுகாப்பு வேண்டிய இடத்தில் குறையவில்லை.

பெரிய ஓவியம் என்றால் வேறு தடை. 80 × 65 × 8 பெட்டியின் கொள்ளளவு 41.6 லிட்டர், அந்த 54 லிட்டர் பெட்டியைவிடச் சிறியது. ஆனால் நீளம் 80, இடுப்பு 146, கூட்டினால் 226. 1.80 மீட்டர் விதியில் அது பார்சலே அல்ல. நான்கடி நீளமுள்ள தஞ்சாவூர் வீணையும் ஒரு மீட்டர் விதியில் முதல் அளவிலேயே நின்றுவிடும். ஒரே பலாமரத் துண்டில் குடைந்த ஏகாண்ட வீணையைக் கழற்றிச் சுருக்கவும் வழியில்லை. அதற்குத் தனிச் சரக்குப் போக்குவரத்துதான்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இந்தக் கவலைகளுக்கெல்லாம் அப்பாற்பட்டது. பித்தளையின் அடர்த்தி இந்த எல்லைக்கல்லைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல். ஓரளவு தாராளமாக மெத்தை வைத்தாலும் பெரும்பாலும் தராசு எடைதான் வெல்லும். பாதம், தண்டு, தட்டு, உச்சி என்று மரைபோட்டுக் கழற்றும்படி அமைந்த விளக்கு அது. நீளத் தடையும் இல்லை. சுவாமிமலை விக்கிரகத்துக்கும் எடைக் கணக்கு இதேதான், ஆனால் வெளிநாடு போவதென்றால் பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வேண்டும். மரப்பெட்டியில் வைத்தால், பல நாடுகள் அந்த மரத்தின் மையம் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்ததற்கான முத்திரையைக் கேட்கும். மரத்துக்குள் ஒளிந்து பயணம் செய்யும் பூச்சிகளைத் தடுக்கும் விதி அது.

நெட்டிக்கும் பொம்மைக்கும் விளக்கின் வழியே கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். ஆடும் பொம்மை ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது: தலை, உடல், பாவாடை, பீடம் எல்லாம் கம்பி முனையில் ஒன்றன்மேல் ஒன்று நிற்பவை, கழன்று வருபவை. 30 செ.மீ. உயரப் பொம்மையை நிற்கவைத்தே பெட்டியிட்டால் 22 × 22 × 34, கணக்கு 3.3 கிலோ, கட்டணம் மூன்றரைக்கு. தலையையும் உடலையும் காகிதத்தில் சுற்றிப் பாவாடையின் உள்வெளிக்குள்ளேயே வைத்து அனுப்பினால் 22 × 22 × 20 போதும். கணக்கு 1.94 கிலோ, கட்டணம் இரண்டுக்கு. ஒன்றரைக் கிலோ காற்று மிச்சம். நெட்டி விமானத்தையும் பீடம் ஒன்று, கீழ்த்தளம் ஒன்று, மேல்நிலை ஒன்று என்று செருகிக்கொள்ளும்படி செய்து, கீழ்த்தளத்தின் குடைவுக்குள் மேல்நிலை அடங்கும்படி வடிவமைத்தால், இன்று வாங்குகிறவர் காற்றுக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியாவது அதைச் செய்த கைக்குப் போகும். இதை நெட்டிக் கலைஞர்கள் ஒருமுறை செய்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. கோயிலின் அளவு விகிதத்தைக் கண்ணாலேயே பிடித்துவிடுகிறவர்களுக்கு இந்த வடிவியல் எட்டாததல்ல.

அந்த 22 × 22 × 20 பெட்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரிப்பு மையங்களில் இன்று கேமராவும் லேசரும் பெட்டியை ஓடும்போதே அளக்கின்றன; அவை பார்ப்பது அட்டையின் மேல் அச்சிட்ட அளவை அல்ல, பெட்டி எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தை. உள்ளே திணித்த தாள் மூடியை ஒரு சென்டிமீட்டர் உப்பவைத்தால் உயரம் 21 ஆகிறது. கணக்கு 10,164, எடை 2.03 கிலோ, கட்டணம் இரண்டரைக் கிலோவுக்கு. டேப் ஒட்டி முடித்தபின் உப்பிய இடத்தில் ஸ்கேலை வைத்து அளந்து, அந்த அளவு தெரியும்படி ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் எடை வேறுபாடு என்று கூடுதல் பில் வரும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.